அம்மாவின் நான்காவது பேட்டரி: விமான தூரம் காட்டும் ஒரு செயலியோடு பதினான்கு மாதங்கள்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தையும் பறக்க ஆகும் நேரத்தையும் காட்டும் செயலி ஒன்று பதினான்கு மாதங்களாக என் கைபேசியில் இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் இதே வகையைச் சேர்ந்த வேறு இரண்டு செயலிகளிலும் இருந்தன. ஒன்றை மட்டும் சுட்டுவது முறையாகாது. தூரத்துக்கு ஐந்தில் நாலரை மதிப்பெண் கொடுக்கிறேன். நேரத்துக்கு ஐந்தில் ஒன்றரை. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் திரையில் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எண்கள் நிற்கின்றன. மேலே இருப்பது அளந்து சொன்னது; கீழே இருப்பது ஊகித்துச் சொன்னது. அந்த வேறுபாட்டைத் திரை எங்குமே காட்டவில்லை.

நான் நில அளவைத் துறையில் வேலை செய்தவன். தூரம் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் இந்தச் செயலியை நான் தேடிப் பதிவிறக்கியது அம்மாவுக்காக.

அம்மாவின் நுரையீரல் பலவீனமானது. விமானம் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பது போல இருக்காது. ஏறக்குறைய 8,000 அடி, அதாவது 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் நிற்பதற்குச் சமமான அளவுவரை குறையலாம். நம்மில் பலருக்கு அது தெரிவதே இல்லை. அம்மாவுக்குத் தெரியும். எனவே மருத்துவர், பயணம் முழுவதும் கையடக்க ஆக்சிஜன் செறிவூட்டி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும், பேட்டரியில் ஓடும் கருவி. விமான இருக்கையில் மின்சாரம் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. பல விமான நிறுவனங்கள், பயண நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நேரத்துக்குப் போதுமான பேட்டரி கையில் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. எங்கள் நிறுவனமும் அப்படித்தான் கேட்டது.

பயணம் லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே வரை. மாதம் ஜனவரி. செயலியில் இரண்டு பெயர்களையும் கொடுத்தேன். 5,540 கிலோமீட்டர், 6 மணி 39 நிமிடம் என்று வந்தது. ஒன்றரை மடங்கு என்றால் பத்து மணி நேரம். மருத்துவர் சொன்ன அளவில் கருவியை வைத்தால் எங்கள் பேட்டரி ஒன்று நான்கு மணி நேரம் ஓடும். மூன்று பேட்டரி போதும், இரண்டு மணி நேரம் மிச்சமும் இருக்கும் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுவிட்டேன்.

டிக்கெட் கைக்கு வந்தபோது அதில் இருந்த நேரம் 8 மணி 10 நிமிடம். ஒன்றரை மடங்கு 12 மணி 15 நிமிடம். மூன்று பேட்டரி 12 மணி நேரம்தான் வரும். வெறும் பதினைந்து நிமிடக் குறை. ஆனால் குறை குறைதான். அந்தக் கணக்கோடு போயிருந்தால் பயணப் பதிவு மேசையில் அம்மாவை ஏற்ற மறுத்திருக்க அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. நான்காவது பேட்டரியை அவசரமாக ஏற்பாடு செய்தோம். அது வந்து சேர்ந்தது பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு. அந்த இரண்டு நாளும் இரவில் நான் இந்தச் செயலியைப் பிரித்துப் பார்ப்பதிலேயே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் தூரத்தைச் சோதித்தேன். இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை எடுத்து, பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரம் கொண்ட முழுக் கோளமாக வைத்து, கோளத்தின் மேல் தூரம் கணக்கிடும் ஹாவர்சைன் சூத்திரத்தில் கையால் போட்டேன். 5,540 வந்தது. செயலி இதே சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகிறது என்பது உறுதியானது. பூமி முழுக் கோளம் இல்லை. துருவங்களில் சற்றுத் தட்டையானது. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இந்தத் தட்டையையும் கணக்கில் சேர்க்கும் முறைகள் உண்டு. 1975இல் வின்சென்டி வெளியிட்ட சூத்திரம் நாங்கள் அளவைத் துறையில் அதிகம் பயன்படுத்தியது. அப்படிப் போட்டால் ஹீத்ரோ–ஜேஎஃப்கே தூரம் ஏறக்குறைய 5,555 கிலோமீட்டர். வித்தியாசம் பதினைந்து கிலோமீட்டர். நில எல்லையில் பதினைந்து சென்டிமீட்டர் தவறினாலே வழக்கு வந்துவிடும் என்பதால் இது முதலில் உறுத்தியது. ஆனால் விமானத்துக்கு அது ஒரு நிமிடப் பறப்பு. பயணிக்கு இந்தத் துல்லியம் தாராளம். அரை மதிப்பெண்ணை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

எந்தப் புள்ளி என்ற என் கேள்விக்கும் பதில் கிடைத்தது. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமான ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. பெரும்பாலும் ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். செயலி அந்தப் புள்ளிகளுக்கு இடையேதான் அளக்கிறது. நாம் ஏறும் வாயிலும் விமானம் எழும் ஓடுபாதையும் அந்தப் புள்ளியிலிருந்து வெகு தொலைவில் இருக்கலாம். ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்போலில் போல்டர்பான் என்ற ஓடுபாதை முனையத்திலிருந்து அவ்வளவு தள்ளி இருப்பதால், தரையில் ஊர்ந்து போவதற்கே கால் மணி நேரம் பிடிப்பது வழக்கம்.

வரைபடத்தையும் பாராட்ட வேண்டும். தட்டையான படத்தில் லண்டனுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஒரு நேர்கோடு இழுத்தால் அட்லாண்டிக்கைக் குறுக்காகக் கடக்கும். இந்தச் செயலி கிரீன்லாந்தின் மேலாக வளைந்து போகும் கோட்டை வரைகிறது. அதுதான் சரி, உருண்டையான பூமியில் குறுகிய வழி பெருவட்டத்தின் மேல், அதாவது பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தின் மேல் போகிறது. தோக்கியோ நரிட்டாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகும் கோட்டில்தான் பல செயலிகள் தடுமாறும். தூரம் சுமார் 8,750 கிலோமீட்டர் என்று சரியாகச் சொல்லிவிட்டு, கோட்டை மட்டும் ஆசியாவையும் ஐரோப்பாவையும் தாண்டி உலகத்தின் மறுபக்கமாக இழுத்துவிடும். 180 பாகைத் தீர்க்கரேகையில் கிழக்கு எண் மேற்கு எண்ணாக மாறுவதைக் கவனிக்காததால் வரும் பிழை. நான் பார்த்த மூன்றில் இது ஒன்றுதான் பசிபிக்கின் மேல் ஒழுங்காக வரைந்தது.

பெயர்க் குழப்பத்தையும் நன்றாகவே கையாள்கிறது. சிட்னி என்று தட்டினால் ஆஸ்திரேலியாவின் எஸ்ஒய்டி, கனடாவின் ஒய்க்யூஒய் என்ற விமான நிலையக் குறியீடுகள் இரண்டையும் நாட்டுப் பெயரோடு காட்டுகிறது. சான் ஹோசே என்றால் கலிஃபோர்னியாவின் எஸ்ஜேசியும் கோஸ்டா ரிக்காவின் எஸ்ஜேஓவும் வருகின்றன. இணையம் இல்லாமலும் வேலை செய்கிறது, பதிவு செய்யச் சொல்லித் தொல்லை கொடுப்பதில்லை.

அலகில் மட்டும் ஒரு பெரிய அலட்சியம். கிலோமீட்டரை மாற்றும் பொத்தானில் வெறுமனே ‘மைல்’ என்று இருக்கிறது. அழுத்தினால் ஹீத்ரோ–ஜேஎஃப்கே 2,991 என்கிறது. அது கடல் மைல், ஒன்று 1.852 கிலோமீட்டர். சாலையில் நாம் பேசும் மைலில் அது 3,442. நானூற்று ஐம்பது மைல் வித்தியாசத்தை ஒரே சொல்லுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். விமானத் துறையில் கடல் மைல்தான் வழக்கம் என்பது சரி. ‘கடல்’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்க என்ன தடை?

இனி நேரம். எந்த அடிப்படையில் இந்த எண் வருகிறது என்று செயலியின் உதவிப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதனால் நானே அளந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பத்து விமானத் தடங்களின் தூரத்தையும் நேரத்தையும் வரைபடத்தாளில் குறித்தேன். பத்துப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் வந்து உட்கார்ந்தன. நிஜமான விமானங்கள் இப்படி ஒரு கோட்டில் உட்காரவே உட்காரா. சூத்திரம் இதுதான்: தூரத்தை 900ஆல் வகு, அதோடு அரை மணி நேரம் கூட்டு. உலகத்தில் எந்த இரண்டு நிலையங்களைக் கொடுத்தாலும், எந்த மாதத்தில் கேட்டாலும், எந்தத் திசையில் போனாலும் இதேதான்.

அந்த அரை மணி நேரத்தைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தது ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகள். அங்கே வெஸ்ட்ரே என்ற தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே என்ற அடுத்த தீவுக்கு ஒரு பயணிகள் விமானம் போகிறது. உலகிலேயே மிகக் குறுகிய விமான சேவை. தூரம் 2.7 கிலோமீட்டர். கால அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று சாதகமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே போய் இறங்கியிருக்கிறார்கள். செயலி முப்பது நிமிடம் என்று காட்டியது. சிறு விமானம் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்காது என்பதும் அதற்குத் தெரியவில்லை; மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு ஏறி இறங்க அரை மணி ஆகாது என்பதும் தெரியவில்லை.

இது விளிம்பில் இருக்கும் ஓர் எடுத்துக்காட்டு, யாரையும் பாதிக்காது என்று விட்டுவிடலாம். ஹெல்சிங்கி–தோக்கியோவை அப்படி விட முடியாது. பெருவட்டத்தில் அளந்தால் சுமார் 7,830 கிலோமீட்டர். செயலியின் கணக்கில் 9 மணி 12 நிமிடம். 2022 பிப்ரவரி வரை அது ஏறத்தாழச் சரியாகவும் இருந்தது. ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடுவார்கள். ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும் அந்தக் குறுகிய வழி இல்லாமல் போனது. விமானங்கள் வட துருவத்தைச் சுற்றிக்கொண்டோ தெற்கே வளைந்தோ போகின்றன; பதின்மூன்று மணி நேரம் வரை ஆகிறது. பூமி சுருங்கவும் இல்லை, விரியவும் இல்லை. அதனால் தூரம் அப்படியே இருக்கிறது, செயலியின் நேரமும் அப்படியே இருக்கிறது. நாலு மணி நேரம் கூடுதலாக உட்காரப்போகும் பயணிக்கு யார் சொல்வது? கைக்குழந்தையோடு போகிறவர்கள் இருக்கிறார்கள், வேளை தவறாமல் மருந்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

வான்வெளி திறந்திருந்தாலும் விமானம் பெருவட்டத்தில் அப்படியே போவது அரிது. திபெத் பீடபூமியின் மேலே பறப்பதைத் தவிர்ப்பார்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென இறங்கினால் சுமார் 10,000 அடிக்கு வந்தாக வேண்டும், அங்கேயோ தரையே அதைவிட உயரம். வட அட்லாண்டிக்கில் காற்றைப் பார்த்து ஒவ்வொரு நாளும் தடங்களைப் புதிதாக வகுக்கிறார்கள். கிழக்கே போகிறவர்கள், உயரே வேகமாக வீசும் ஜெட் காற்றின் முதுகில் ஏறிக்கொள்ள வழி தேடுவார்கள், மேற்கே வருகிறவர்கள் அதிலிருந்து ஒதுங்க வழி தேடுவார்கள். கூடுதலாகச் சில நூறு கிலோமீட்டர் சுற்றினாலும் அது அவர்களுக்கு லாபம்.

இந்தக் காற்றுதான் என் பேட்டரிக் கணக்கைக் கவிழ்த்தது. ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்காக, விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே ஓடுகிறது. குளிர்காலத்தில் வேகம் அதிகம். 2020 பிப்ரவரி 9 அன்று, சியாரா புயலின்போது, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் வந்து இறங்கியது. அது ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் இல்லை, வழக்கமான பயணிகள் விமானம்தான். அதே இரண்டு நிலையங்கள், அதே 5,540 கிலோமீட்டர். மேற்கே போகும்போது கால அட்டவணையில் எட்டு மணி நேரத்துக்கு மேல். செயலி இரண்டு திசைக்கும் 6 மணி 39 நிமிடம் என்கிறது. போகவும் வரவும் ஒரே எண்ணைக் காட்டும் இடத்திலேயே, காற்று என்ற ஒன்று இருப்பது இந்தச் செயலிக்குத் தெரியாது என்று நான் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

எந்த நேரத்தைச் சொல்கிறோம் என்ற குழப்பமும் இதில் சேர்ந்துகொள்கிறது. சக்கரம் தரையை விட்டு எழுந்ததிலிருந்து மீண்டும் தரையைத் தொடுவது வரை ஒரு நேரம். விமானம் வாயிலை விட்டு நகர்ந்ததிலிருந்து மறுமுனையில் வாயிலில் வந்து நிற்பது வரை இன்னொரு நேரம். டிக்கெட்டில் அச்சாவது இதுதான். செயலி ‘பயண நேரம்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. அம்மாவின் விமானத்தில் நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். வாயிலை விட்டு நகர்ந்து ஓடுபாதை வரிசையில் நின்று எழ 34 நிமிடம். காற்றில் 7 மணி 31 நிமிடம். இறங்கி வாயிலுக்கு வர 9 நிமிடம். மொத்தம் 8 மணி 14 நிமிடம். டிக்கெட்டில் இருந்ததைவிட நான்கு நிமிடம்தான் அதிகம். விமான நிறுவனத்தார் காற்றையும் வரிசையையும் பழைய பறப்புகளையும் பார்த்து அந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போது புரிந்தது.

நெடுந்தொலைவுக்கு இந்தச் செயலி சற்றுத் தேவலை. சிங்கப்பூர்–நியூயார்க் சுமார் 15,350 கிலோமீட்டர்; செயலி 17 மணி 33 நிமிடம் என்கிறது, கால அட்டவணையில் பதினெட்டரை மணிக்கு மேல். தவறு ஒரு மணி நேரம் என்றாலும் விழுக்காட்டில் சிறியது.

உள்ளூர் நேரம் காட்டும் வசதி ஒன்றும் வைத்திருக்கிறார்கள். புறப்படும் நேரத்தைக் கொடுத்தால் போய்ச் சேரும் ஊரின் கடிகார நேரத்தைச் சொல்லும். தோஹாவிலிருந்து காத்மாண்டுவுக்குப் போட்டுப் பார்த்தேன். நேபாளத்தின் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 45 நிமிடம் முன்னே இருக்கிறது, தோஹா 3 மணி முன்னே. வித்தியாசம் 2 மணி 45 நிமிடம். செயலி 3 மணி என்று முழுமையாக்கிவிட்டது. அரை மணியிலும் முக்கால் மணியிலும் நேரம் வைத்திருக்கும் நாடுகள் உலகில் எத்தனையோ உண்டு. அங்கே வாழ்பவர்களையும் பயணிகளாக எண்ண வேண்டும். இடையில் ஒரு நிலையத்தில் மாறும் பயணங்களுக்கு இரண்டு பறப்பு நேரங்களை மட்டும் கூட்டுகிறது. மாறும் இடத்தில் நடக்கவும் சோதனைக்கு நிற்கவும் ஆகும் நேரத்துக்கு அங்கே இடமே இல்லை. அந்தப் பகுதியை நான் திறப்பதை விட்டுவிட்டேன்.

உருவாக்கியவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன். பெரிய மாற்றம் எதையும் கேட்கவில்லை. ‘பயண நேரம்’ என்பதை ‘தோராயப் பறப்பு நேரம், காற்று சேர்க்கப்படவில்லை’ என்று மாற்றுங்கள். ‘மைல்’ என்பதைக் ‘கடல் மைல்’ ஆக்குங்கள். நிமிடக் கணக்கை விடுத்து, ஆறரை முதல் எட்டரை மணி என்று வரம்பாகக் காட்டுங்கள் என்றேன். 39 நிமிடம் என்று கடைசி நிமிடம்வரை சொல்லும்போது யாரோ அளந்து சொன்னதாக மனம் எடுத்துக்கொள்கிறது. அளவைத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்வோம்: நாடாவில் சென்டிமீட்டர்வரைதான் அளந்திருந்தால் மில்லிமீட்டரை எழுதாதே. முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு மரியாதையான இரண்டு வரிப் பதில் வந்தது, பரிசீலிக்கிறோம் என்று. ‘மைல்’ இன்றுவரை மைலாகவே இருக்கிறது.

இருந்தும் செயலியை நீக்கவில்லை. இரண்டு ஊர்களில் எது அருகில் என்று பார்க்க, ஒரு தடத்தைப் பெருவட்டத்தில் வரைந்து பார்க்க, இதைவிடச் சுத்தமானது எனக்குக் கிடைக்கவில்லை. நேரம் வேண்டுமென்றால் விமான நிறுவனத்தின் கால அட்டவணையை, அதே மாதத்துக்கு, போகும் திசைக்கும் வரும் திசைக்கும் தனித்தனியாகப் பார்க்கிறேன். கூடவே அதே எண்ணுள்ள விமானம் கடந்த இரண்டு வாரங்களில் உண்மையில் எவ்வளவு நேரம் எடுத்தது என்று விமானங்களைப் பின்தொடரும் தளங்களில் பார்த்து, அதில் மிக நீண்டதைக் குறித்துக்கொள்கிறேன். மருத்துவக் கருவியோடு போகிறவர்களுக்கு அந்த மிக நீண்ட எண்தான் வேண்டும்.

அம்மாவின் கணக்கையும் எழுதிவிடுகிறேன். புறப்படும் வாயிலில் சுவர் மின்சாரத்திலிருந்து கருவியைப் பிடுங்கியது விமானம் நகர்வதற்கு ஐம்பது நிமிடம் முன்பு. இறங்கிய பிறகு சக்கர நாற்காலிக்குக் காத்திருந்து, குடியேற்றச் சோதனை முடித்து, மறுபடி மின்சாரம் கிடைக்க ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. மொத்தம் 10 மணி 24 நிமிடம். மூன்றாவது பேட்டரி பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. பயணப் பதிவு மேசையில் இருந்த பெண் நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஓடும் நேரத்தைக் கேட்டு, தாளில் கூட்டிப் பார்த்த பிறகே அட்டையைக் கொடுத்தார்.

திரும்பும் பயணத்துக்குக் கால அட்டவணை 7 மணி நேரம் காட்டியது. மூன்று பேட்டரியே விதிக்குப் போதும். காற்றில் 6 மணி 5 நிமிடம்தான் ஆனது. அம்மா நான்காவதையும் தன் கைப்பையிலேயே வைத்திருந்தார், இறங்கும்வரை.